இடுக்கான கணப்புக்கு எந்த விறகு ஸ்டவ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு வரவேற்பறைச் சுவரில் ஒரு கணப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பலகை அடித்து மூடியதாகவோ, எரிவாயுக் கணப்பு செருகியதாகவோ, ஓடு பதித்த முகப்போடு வெறுமனே நிற்பதாகவோ அது இருக்கும். அதற்குள் விறகு எரிக்கும் ஸ்டவ் வைக்கலாம் என்று கடைக்குப் போனால், பிடித்த ஸ்டவ் கணப்புக்குள் நுழையாது. நுழைகிற ஸ்டவ் பிடிக்காது. அப்படிப்பட்ட, அளவுக்கு அடங்காத கணப்புகளைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சுவரோடு கட்டிய திறந்த அமைப்பைக் கணப்பு என்றும், கதவும் கண்ணாடியும் உள்ள இரும்புப் பெட்டியை ஸ்டவ் என்றும் குறிப்பிடுகிறோம். சொல்லப்படும் விதிகள் இங்கிலாந்தின் கட்டட விதிமுறைகளுக்கான ‘ஆவணம் ஜே’யில் உள்ளவை, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

கணப்பு ஏற்கெனவே இருக்கிறதே, அதிலேயே விறகை எரித்தால் என்ன?

எரிக்கலாம்; ஆனால் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும், அறையில் ஏற்கெனவே இருந்த வெதுவெதுப்பான காற்றையும் அது இழுத்துக்கொண்டு போகும். மூடிய ஸ்டவ்வில் காற்றின் அளவை நம் கையால் கட்டுப்படுத்த முடிவதால், இன்றைய நல்ல ஸ்டவ்கள் விறகிலுள்ள வெப்பத்தில் முக்கால் பங்குக்கும் மேல் அறைக்குத் தருகின்றன. மேலும், நகரங்களில் பெரும்பாலான இடங்களில் திறந்த கணப்பில் விறகு எரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

எதிலிருந்து தொடங்க வேண்டும்? ஸ்டவ் கடையிலிருந்தா?

இல்லை. கடை கடைசியில் வர வேண்டியது. முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கி, அடுத்தது கணப்பின் உள்ளளவு, அதற்கடுத்தது அறையின் கன அளவு. இவை மூன்றும் தெரிந்தபின் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் ஸ்டவ்கள் ஐந்தோ ஆறோதான் மிஞ்சும், அவற்றுள் அழகானதைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஸ்டவ்வை முதலில் வாங்கிவிட்டுச் சுவரை அதற்கேற்ப உடைக்கத் தொடங்கியவர்கள் செலவிட்ட தொகையைக் கேட்டால் யாருக்கும் இந்த வரிசை விளங்கிவிடும்.

புகைபோக்கித் துப்புரவாளர் ஒருவரை அழைத்து, உள்ளே பெருக்கிச் சுத்தம் செய்து, புகைச் சோதனையும் செய்துதரச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் பயன்படாத புகைபோக்கியில் ஜாக்டா என்னும் சிறு காக்கை இனம் சுள்ளிகளைக் கூடையளவு அடுக்கிக் கூடு கட்டியிருப்பது சர்வசாதாரணம். புகைச் சோதனையின்போது மேல்மாடிப் படுக்கையறையிலோ, ஒட்டுவீடாக இருந்தால் பக்கத்து வீட்டிலோ புகை கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வரிசை வீடுகளில் இரு வீட்டுப் புகைவழிகளுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் செங்கல் தடுப்புதான், அதன் சாந்து உதிர்ந்திருந்தால் உங்கள் புகை அவர்கள் வீட்டுக்குப் போகும்.

இன்னொன்றையும் நீங்களே மாடிக்குப் போய்ப் பார்த்துவிடலாம். கீழறையில் புகைபோக்கிக்காகச் சுவர் புடைத்திருக்கும் அதே இடத்தில் மேலறையிலும் புடைப்பு இருக்கிறதா? முந்தைய உரிமையாளர் அறையைப் பெரிதாக்க அதை இடித்து எடுத்திருந்தால், கீழே உள்ள கணப்பு எங்கும் போய்ச் சேராத வெறும் குழிதான்.

என் கணப்பின் வாய் 40 சென்டிமீட்டர்கூட அகலமில்லை. இதற்குள் எந்த ஸ்டவ் நுழையும்?

கண்ணுக்குத் தெரிகிற வாய் உண்மையான வாய் அன்று. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும்.

1930களில் கட்டிய வீடுகளில் கணப்பின் வாய் பெரும்பாலும் 16 அங்குல அகலமும் 22 அங்குல உயரமும் கொண்டதாக இருக்கும். ஆனால் கொத்தனார் முதலில் கட்டிய திறப்பு அதைவிடப் பெரியது. அந்தப் பெரிய திறப்புக்குள் சுட்ட களிமண்ணாலான வளைந்த முதுகுத் தகட்டை நிறுத்தி, அதற்குப் பின்னால் உடைந்த செங்கல்லையும் சாந்தையும் கொட்டி நிரப்பி, முன்னால் ஓடு பதித்த முகப்பைச் சார்த்தி வைத்தார்கள். முகப்பை எடுத்து, முதுகுத் தகட்டை உடைத்து, நிரப்பியிருக்கும் இடிபாட்டை வாளி வாளியாக அள்ளி வெளியே கொட்டினால், புகைக்கரி படிந்த பழைய செங்கல் சுவரும், மேலே அதைத் தாங்கும் லிண்டலும் தெரியும். அகலம் ஒன்றரை மடங்கு, சில வீடுகளில் இரண்டு மடங்குகூட ஆகும். அந்த லிண்டல்வரைதான் நீங்கள் போகலாம். லிண்டலையே உயர்த்த வேண்டுமென்றால் அது மேலே உள்ள சுவரைத் தாங்கும் வேலை. கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இல்லாமல் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது. பக்கத்து வீட்டோடு பொதுவான சுவராக இருந்து அதை வெட்ட வேண்டியிருந்தால், 1996ஆம் ஆண்டின் பொதுச் சுவர்ச் சட்டப்படி அவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும்.

இடிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, முதுகுத் தகட்டுக்குப் பின்னால் பழைய வெந்நீர்க் கொதிகலன் ஒளிந்திருக்கலாம். குழாய்களை அடைத்துவிட்டு உள்ளே தண்ணீரோடு அதை அப்படியே விட்டிருந்தால், முன்னால் நெருப்பு மூட்டும்போது நீராவி வெளியேற வழியின்றி வெடித்துவிடும். இப்படி உயிர்ச்சேதம் நேர்ந்திருக்கிறது. அதை முழுவதுமாக எடுத்துவிட வேண்டும். இரண்டாவது, பழைய மூடுபலகைகளிலும் அடைப்புக் கயிறுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகப்படும்படி சாம்பல் நிறப் பலகை தென்பட்டால், உடைக்காமல் சோதனைக்கு அனுப்புங்கள்.

உள்ளே எப்படி அளக்க வேண்டும்?

முன்பக்க அகலத்தை மட்டும் அளந்துவிட்டு வந்துவிடாதீர்கள். கணப்பின் பக்கச் சுவர்கள் பெரும்பாலும் உள்ளே போகப் போகக் குறுகும். ஸ்டவ்வோ சதுரமான பெட்டி. ஆகவே முன்னகலம், பின்னகலம், தரையிலிருந்து லிண்டலின் அடிப்பகுதிவரை உயரம், முன் விளிம்பிலிருந்து பின்சுவர்வரை ஆழம் ஆகிய நான்கையும், ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களில் வைத்து, சிறிய அளவையே எழுதிக்கொள்ள வேண்டும். பழைய சுவர் நேராக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எடுத்துக்காட்டாக, முன்னகலம் 620 மி.மீ., பின்னகலம் 540 மி.மீ., உயரம் 780 மி.மீ., ஆழம் 380 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தரையில் 40 மி.மீ. தடிப்புள்ள கற்பலகை வரப்போகிறது. உயரம் 740 ஆகிவிட்டது. நீங்கள் பார்த்துவைத்த ஸ்டவ்வின் கையேடு இருபுறமும் 100 மி.மீ. காற்று இடைவெளி கேட்டால், பின்பக்கத்தில் மிஞ்சுவது 340 மி.மீ.தான். 400 மி.மீ. அகல ஸ்டவ் வைக்க வேண்டுமென்றால் அதை முன்னால் இழுத்து நிறுத்த வேண்டும். சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது ஒவ்வொரு ஸ்டவ்வுக்கும் வேறுபடும். செங்கல் சுவருக்கு ஒரு கணக்கும், மரத்துக்கோ ஜிப்சம் பலகைக்கோ அதைவிடப் பெரிய வேறொரு கணக்கும் கையேட்டில் இருக்கும். கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லும் அளவை விட்டுவிட்டுக் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அளந்தபின், அட்டைப்பெட்டியை ஸ்டவ்வின் அளவுக்கு வெட்டி ஒட்டிக் கணப்புக்குள் சில நாள் வைத்துப் பாருங்கள். கதவைத் திறக்கும் வீச்சு, விறகு போடக் குனியும் இடம், மேலே குழாயைப் பொருத்தக் கை நுழையுமா என்பது எல்லாம் அப்போதுதான் தெரியும். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், எந்தப் படவரைவையும்விட இது பயன்படும்.

உயரம்தான் போதவில்லை. லிண்டல் தாழ்வாக இருக்கிறது.

நான்கு வழிகள் உண்டு. ஒன்று, கால் குட்டையான ஸ்டவ்வைத் தேடுவது. அடியில் விறகு அடுக்கும் தட்டு உள்ள மாதிரிகள் அழகானவை, ஆனால் உங்களுக்கு உரியவை அல்ல. இரண்டு, நிலக்கரியும் விறகும் இரண்டையும் எரிக்கும் மாதிரியை விடுத்து, விறகுக்கு மட்டுமான மாதிரியை எடுப்பது. நிலக்கரிக்குக் கீழிருந்து காற்று வேண்டும் என்பதால் கம்பித்தட்டும் சாம்பல் தட்டும் உள்ளே இடத்தைத் தின்னும்; விறகு சாம்பல் படுக்கையின் மேலேயே நன்றாக எரியும், அதே உயரப் பெட்டிக்குள் நெருப்புக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்.

மூன்றாவது, புகை மேலே போவதற்குப் பதில் பின்பக்கமாக வெளியேறும் வகையில் பொருத்துவது. ஸ்டவ் கணப்புக்கு முன்னால் பாதி வெளியே நிற்கும். பின்னாலிருந்து குட்டைக் குழாய் உள்ளே போய் மேலே திரும்பும். கிடைமட்டமாக ஓடும் பகுதி 150 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி, ஏனென்றால் புகை படுத்த குழாயில் தயங்கும், கரியும் அங்கேதான் தேங்கும். வெளியே நிற்கும் ஸ்டவ் அறைக்குக் கூடுதல் வெப்பம் தரும் என்பது இதன் நன்மை. அறையின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், தரைக்கல்லின் நீளத்தையும் கூட்டும் என்பது தீமை.

நான்காவது வழி, சுவருக்குள் செருகும் ஸ்டவ். இவற்றுள் சில மாதிரிகள் அந்த 16க்கு 22 அங்குல வாய்க்கென்றே செய்யப்படுபவை; பழைய ஓட்டு முகப்பைக் காப்பாற்ற விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல நிலையில் இருக்கும் 1930களின் முகப்பை உடைத்துக் குப்பைக்கு அனுப்புவதைப் பார்க்க மனம் வருவதில்லை.

ஆழம் குறைவாக இருந்தால்?

ஆழமற்ற கணப்புக்கும் செருகும் ஸ்டவ் அல்லது பின்வழிப் புகைபோக்கு உதவும். ஆனால் ஆழமின்மைக்கு ஒரு கெட்ட காரணமும் இருக்கக்கூடும். 1960களுக்குப் பிந்தைய சில வீடுகளில் உள்ளது எரிவாயுக் கணப்புக்கு மட்டுமான, குறுகிய சிமென்ட் கட்டைகளாலான புகைவழி. அதில் விறகுப் புகையை விடவே கூடாது. அப்படியானால் வெப்பக் காப்புள்ள இரட்டைச் சுவர் எஃகுக் குழாயைப் புதிதாக ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை; அதைச் செய்தால் கணப்பு இருந்த இடத்திலேயே ஸ்டவ் நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விடும்.

எங்கள் கணப்பு இதற்கு நேர்மாறு. ஆளே உள்ளே நிற்கலாம்.

கிராமத்துப் பழைய வீடுகளில் உள்ள இங்கிள்நூக் எனப்படும் பெருங்கணப்பு இது. வாய் பெரியது என்பதற்காகப் பெரிய ஸ்டவ் வாங்குவதுதான் இங்கே எல்லோரும் விழும் பள்ளம். ஸ்டவ்வின் அளவை அறை தீர்மானிக்கிறது; கணப்பின் வாய் அல்ல. சிறிய ஸ்டவ் பெரிய குகையில் அனாதையாகத் தெரிகிறது என்றால் கற்பலகையைச் சற்று உயர்த்தி, ஸ்டவ்வை முன்னால் நகர்த்தி வையுங்கள்.

புகைபோக்கியின் அடிவாயை உலோகத் தகட்டால் மூடி, அதன் நடுவே குழாயை விட வேண்டும். இல்லாவிட்டால் வெப்பம் முழுவதும் மேலே போய்விடும். துப்புரவாளர் உள்ளே எட்டுவதற்கு வழி இருக்கிறதா என்று அப்போதே கேளுங்கள். குறுக்கே கிடக்கும் கருவாலி மர உத்தரத்தைக் கவனியுங்கள்: ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் இடையே குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் வேண்டும். 150 மி.மீ. குழாய்க்கு அது 450 மி.மீ. காற்று புகும்படி இடைவெளி விட்டு எரியாத தடுப்புத் தகடு பொருத்தினால் இதைப் பாதியாகக் குறைக்கலாம். ஸ்டவ்வின் மேற்பரப்புக்கும் உத்தரத்துக்கும் உள்ள தூரம் தனிக் கணக்கு. அது கையேட்டில் இருக்கும்.

அறை மூலையில் உள்ள கணப்பு?

இங்கே ஸ்டவ்வின் பின்மூலைகள் இரண்டும்தான் முதலில் சுவரைத் தொடும். அகலமான மாதிரியைத் தவிர்த்து, குறுகலாகவும் உயரமாகவும் இருப்பதையோ, உருளை வடிவானதையோ பாருங்கள்.

எத்தனை கிலோவாட் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. அறையின் நீள, அகல, உயரங்களை மீட்டரில் பெருக்கி, வருவதை 14ஆல் வகுப்பது இத்தொழிலில் உள்ளவர்களின் கைக்கணக்கு. 4.5 மீ. நீளமும் 4 மீ. அகலமும் 2.7 மீ. உயரமும் உள்ள அறைக்கு 48.6 கன மீட்டர். ஏறத்தாழ மூன்றரை கிலோவாட். வெப்பக் காப்பு மோசமான வீட்டுக்கு 10ஆல் வகுக்கலாம். அப்போதும் ஐந்தைத் தாண்டாது.

வெப்பமான நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு எட்டு கிலோவாட் ஸ்டவ்வைப் பார்த்ததும் ஆசை வருவது இயல்பு. ஆனால் அத்தனை பெரிய ஸ்டவ்வைச் சிறிய அறையில் முழு வீச்சில் எரிக்க முடியாது. அரைமணியில் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்கும். அதனால் காற்றைக் குறைத்து மந்தமாக எரிய விடுவார்கள். மந்தமான நெருப்பு முழுவதும் எரியாத புகையைத் தரும், கண்ணாடி கறுக்கும், புகைக்குழாயில் தார் படியும், ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். சிறிய ஸ்டவ்வைச் சுறுசுறுப்பாக எரிப்பதே சரி.

ஐந்து கிலோவாட்டுக்கு உட்பட்டதில் இன்னொரு வசதியும் உண்டு. பழைய, காற்றுக் கசியும் வீடுகளில் அதற்கு நிரந்தரக் காற்றுத்துளை பொதுவாகத் தேவையில்லை. ஐந்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மி.மீ. திறப்பு வேண்டும், காற்று புகாதபடி கட்டிய புதிய வீடுகளில் முதல் கிலோவாட்டிலிருந்தே இந்தக் கணக்கு தொடங்கும்.

சமையலறையும் வரவேற்பறையும் ஒன்றாக இருக்கின்றன. அதனால் ஏதும் சிக்கலா?

ஆம், நம் வீடுகளில் குறிப்பாக. மிளகாய் தாளிக்கும் நெடிக்குப் பயந்து நாம் வலுவான எக்ஸ்ஹாஸ்ட் மின்விசிறி போடுகிறோம். அது அறைக் காற்றை வெளியே உறிஞ்சும்போது, ஈடு செய்யும் காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். மிக எளிய வழி புகைபோக்கிதான். புகையும் கார்பன் மோனாக்சைடும் ஸ்டவ்வின் வழியே அறைக்குள் திரும்பும். மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டவ்வை எரித்துப் புகை திரும்புகிறதா என்று பொருத்துநரைச் சோதிக்கச் சொல்லுங்கள். வெளிக்காற்றை நேராகக் குழாய்வழி எடுத்துக்கொள்ளும் ஸ்டவ்கள் இங்கே உதவும், என்றாலும் சோதனையைத் தவிர்க்க முடியாது.

புகைபோக்கிக்குள் லைனர் எனப்படும் உட்குழாய் போடத்தான் வேண்டுமா?

சோதனையில் தேறிய புகைபோக்கிக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் 1965க்கு முந்தைய வீடுகளில் உட்புறம் பெரும்பாலும் வெறும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். ஒன்பது அங்குலச் சதுரப் புகைவழியில் சிறிய ஸ்டவ்வின் சிறிதளவு புகை குளிர்ந்துபோய் மேலே ஏற முடியாமல் ஈரமாகப் படியும். துருப்பிடிக்காத எஃகு லைனர் புகையைச் சூடாகவே மேலே கொண்டுசேர்க்கும். என் கருத்தில் இந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாது.

வழக்கமான விட்டம் 150 மி.மீ. புகைவழி வளைந்து நெளிந்து போய் அந்த அளவு இறங்க மறுத்தால் 125 மி.மீ. போடலாம், ஆனால் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு (இதைப் பின்னால் பார்ப்போம்) அனுமதி பெற்ற ஸ்டவ்வாக இருக்க வேண்டும், தயாரிப்பாளரும் அதை ஏற்றிருக்க வேண்டும். ஆகவே இடுக்கான புகைபோக்கியும் ஸ்டவ் தேர்வைக் குறுக்கும். ஸ்டவ்வின் தலையிலிருந்து புகைபோக்கி முனைவரை நாலரை மீட்டராவது இருந்தால் புகை நன்றாக இழுக்கும்.

கீழே போடும் கற்பலகைக்கு என்ன விதி?

தரையை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காது என்று சோதித்துச் சான்று பெற்ற ஸ்டவ்வுக்கு 12 மி.மீ. தடிப்புள்ள எரியாத பலகை போதும். அந்தச் சான்று இல்லாவிட்டால் 125 மி.மீ. தடிப்பில் கட்டிய தளம் வேண்டும். தாழ்வான கணப்பில் இந்த வேறுபாடு ஒரு ஸ்டவ்வை உள்ளே விடும், இன்னொன்றை வெளியே தள்ளும். கதவு திறந்து எரிக்கக்கூடிய ஸ்டவ்வுக்கு முன்னால் 300 மி.மீ., மூடி மட்டுமே எரிக்கும் ஸ்டவ்வுக்கு 225 மி.மீ., பக்கங்களில் 150 மி.மீ. பலகை நீண்டிருக்க வேண்டும்.

லண்டனில் விறகு எரிக்கத் தடை இல்லையா?

முழுத் தடை இல்லை. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய கொடும்புகைக்குப் பின் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதிலிருந்து பிறந்தவைதான் இன்றைய புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள். லண்டனின் பெரும்பகுதி அவற்றுள் அடங்கும். அங்கே விறகு எரிக்க அதற்கென விலக்குப் பெற்ற ஸ்டவ் வேண்டும். மீறிப் புகை விட்டால் உள்ளாட்சி மன்றம் 175 முதல் 300 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம். 2022 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் புதிய ஸ்டவ்களுக்கு, மாசையும் செயல்திறனையும் வரையறுக்கும் ஈகோடிசைன் என்ற தரம் கட்டாயம். அந்த விலக்கும் இந்தத் தரமும் வெவ்வேறு. ஒன்று இருப்பதால் மற்றது இருக்கிறது என்று கொள்ளக்கூடாது. பழைய ஸ்டவ்வை மலிவாக வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கிறது. வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். எவ்வளவு நல்ல ஸ்டவ்வாக இருந்தாலும், விறகு போடக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நுண்துகள்கள் அறைக்குள் வரும். வெப்பத்துக்கு வேறு வழியில்லாத வீடுகள் இங்கே மிகக் குறைவு.

நாமே பொருத்தலாமா?

சட்டம் தடுக்கவில்லை, ஆனால் உள்ளாட்சியின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்பே தெரிவித்து, கட்டணம் கட்டி, ஆய்வுக்கு உட்பட வேண்டும். ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவுபெற்றவர் பொருத்தினால் அவரே சான்று தருவார். வீட்டை விற்கும்போதும் காப்பீடு கோரும்போதும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடமாக இருந்தால் கணப்பில் கை வைப்பதற்கு முன்பே தனி ஒப்புதல் தேவை.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதை ஸ்டவ்விலிருந்து கிடைமட்டமாக ஒன்று முதல் மூன்று மீட்டருக்குள், கூரையிலோ, சுவரில் கதவு ஜன்னல்களுக்கு மேலாகவோ வைக்க வேண்டும்.

சிறிய ஸ்டவ்வுக்கு விறகு எப்படி வாங்குவது?

நீளம் கேட்டு வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் விறகு பெரும்பாலும் 25 செ.மீ. இருக்கும், குறுகிய கணப்புக்கான சில ஸ்டவ்கள் 20 செ.மீ.க்கு மேல் ஏற்காது. வாரம் முழுவதும் விறகை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருக்காது; ஆகவே ஸ்டவ் வாங்கும்போதே உள்ளறையின் அகலத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மொத்தமாக வாங்குகிறவர்கள் கட்டையைப் பிளந்து, உள்முகத்தில் ஈரமானியின் ஊசிகளைக் குத்திப் பார்க்க வேண்டும். வெளிமுகம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.